புதிதாக நிறுவிய மைஎஸ்க்யூஎல், மரியாடிபி சர்வரில் ரூட் லாகின் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸ் சர்வரை இப்போதுதான் நிறுவியிருக்கிறீர்கள். ஆனால் எல்லா உரிமைகளும் உள்ள ரூட் கணக்கில் உள்ளே போக முடியவில்லை. எந்த பாஸ்வேர்டு கொடுத்தாலும் அனுமதி மறுக்கப்படுகிறது. புதிதாகக் கற்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோய், பாதுகாப்பையே கழற்றிவிடும் குறுக்குவழிகளைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. புதிய சர்வரில் வரும் லாகின் சிக்கல்களில் பலவற்றுக்கு பாஸ்வேர்டு காரணமே அல்ல. சர்வரை எங்கிருந்து எடுத்து நிறுவினீர்கள், அந்த நிறுவல் தொகுப்பு (பேக்கேஜ்) ரூட் கணக்கை எப்படி அமைத்துவிட்டுப் போனது என்பதுதான் காரணம்.

இங்கே கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள்.

லினக்ஸின் ரூட்டும் டேட்டாபேஸின் ரூட்டும் ஒன்றுதானா?

இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. லினக்ஸ் ரூட்டின் பாஸ்வேர்டை மாற்றினால் டேட்டாபேஸ் ரூட்டின் பாஸ்வேர்டு மாறாது.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல்லிலும் மரியாடிபியிலும் ஒரு கணக்கு என்பது பெயர் மட்டுமல்ல. எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. ரூட்@லோக்கல்ஹோஸ்ட் (அதே கம்ப்யூட்டரிலிருந்து வரும் ரூட்) ஒரு கணக்கு, ரூட்@% (எங்கிருந்தும் வரும் ரூட்) வேறொரு கணக்கு. இரண்டுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டும் வெவ்வேறு உரிமைகளும் இருக்கலாம். கீழே வரும் பாதிச் சிக்கல்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

பிழைச் செய்தியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணை. 2000-த்தில் தொடங்கும் எண்கள் கிளையன்ட் பக்கம், அதாவது சர்வரோடு பேச நீங்கள் ஓட்டும் புரோகிராமின் பக்கம், எழும் பிழைகள். 2002, 2003 போன்றவை வந்தால் நீங்கள் இன்னும் சர்வரையே எட்டவில்லை என்று பொருள். அந்த நிலையில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. 1045, 1698, 1130 போன்றவை சர்வரே தரும் பதில்கள். சர்வர் ஓடுகிறது, உங்கள் பேச்சைக் கேட்டது, மறுத்துவிட்டது.

எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு, செய்தியில் மேற்கோள் குறிக்குள் வரும் யூசர் பெயரையும் ஹோஸ்ட் பெயரையும் பாருங்கள். நீங்கள் ரூட் என்று நினைத்திருக்க, அங்கே உங்கள் லினக்ஸ் யூசர் பெயர் இருக்கலாம். பெயர் கொடுக்காமல் விட்டால் கிளையன்ட் லினக்ஸ் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும்.

உபுண்டுவில் நிறுவினேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை. இப்போது ரூட்டுக்கு 1698 பிழை வருகிறது. என்ன செய்வது?

சூடோ மைஎஸ்க்யூஎல் என்று தட்டுங்கள். சூடோ என்பது ஒரு கட்டளையை லினக்ஸ் ரூட்டின் அதிகாரத்தில் ஓட்டுவது. மரியாடிபி என்றால் சூடோ மரியாடிபி. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எதுவும் கொடுக்காமலே உள்ளே போய்விடுவீர்கள்.

உபுண்டு 16.04 வரை மைஎஸ்க்யூஎல்லை நிறுவும்போதே ரூட் பாஸ்வேர்டு கேட்கும். 18.04 முதல் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ரூட் கணக்கை ஆத்_சாக்கெட் என்ற பிளகினோடு (சர்வரில் சேரும் ஒரு கூடுதல் பகுதி) இணைத்துவிடுகிறது. இந்த பிளகின் பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை. யூனிக்ஸ் சாக்கெட், அதாவது ஒரே கம்ப்யூட்டருக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ள உதவும் ஒரு ஃபைல், வழியாக வருபவர் லினக்ஸில் எந்த யூசர் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்கிறது. அந்தப் பெயரும் நீங்கள் கேட்கும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறக்கிறது. தெரிந்த முகம் என்றால் வாட்ச்மேன் அடையாள அட்டை கேட்பதில்லை, தெரியாத முகம் என்றால் என்ன சொன்னாலும் விடுவதில்லை, அதுபோலத்தான். சாதாரண யூசராக இருந்துகொண்டு ரூட் என்று சொன்னால், உலகத்தில் உள்ள எந்த பாஸ்வேர்டும் செல்லாது.

மரியாடிபியும் 10.4 பதிப்பிலிருந்து இதே வழிக்கு வந்துவிட்டது. அங்கே பிளகினின் பெயர் யூனிக்ஸ்_சாக்கெட். ரூட்@லோக்கல்ஹோஸ்ட் கணக்கில் இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள்: ஒன்று சாக்கெட், மற்றொன்று பாஸ்வேர்டு. ஆனால் பாஸ்வேர்டு வழியில் எதனோடும் பொருந்தாத ஒரு செல்லாத மதிப்பு இருக்கும். நீங்களாக ஒன்றை அமைக்கும்வரை அந்த வழி திறக்காது. அதனால் சூடோ இல்லாமல் முயன்றால் 1698, சில சமயம் 1045 வரும்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ரூட்டுக்கு பாஸ்வேர்டே இல்லாததால் அதை யாரும் ஊகிக்கவோ, ஸ்கிரிப்ட் ஒன்றிலிருந்து திருடவோ முடியாது. இதைக் குறை என்று நினைத்து முதல் வேலையாக மாற்றிவிடாதீர்கள்.

ஆனால் என் புரோகிராமுக்கு பாஸ்வேர்டு வேண்டுமே?

புரோகிராமுக்கு ரூட் வேண்டாம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். சூடோ மூலம் உள்ளே போய், கிரியேட் யூசர் கட்டளையில் தனி யூசர் ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்டு கொடுத்து, அந்தப் புரோகிராமின் டேட்டாபேஸுக்கு மட்டும் கிராண்ட் கட்டளையால் உரிமை கொடுங்கள். வொர்க்பெஞ்ச் போன்ற கருவியில் நிர்வாக வேலை செய்ய வேண்டுமானால், வேறு பெயரில் ஒரு நிர்வாகி கணக்கை உருவாக்கி எல்லா உரிமைகளையும் கிராண்ட் ஆப்ஷனோடு கொடுத்துக்கொள்ளலாம். ரூட் சாக்கெட்டோடு அப்படியே இருக்கட்டும். என்றாவது அந்த நிர்வாகி பாஸ்வேர்டு மறந்துபோனாலும் சூடோ வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும்.

யூசரை உருவாக்குவதும் உரிமை கொடுப்பதும் இரண்டு தனிக் கட்டளைகள். முன்பு கிராண்ட் கட்டளையிலேயே பாஸ்வேர்டையும் சேர்த்து யூசரை உருவாக்கிவிடலாம். மைஎஸ்க்யூஎல் 8.0-வில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய பழக்கத்தில் தட்டினால் 1064 அல்லது 1410 பிழை வரும்.

ரூட்டுக்கே பாஸ்வேர்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஆல்டர் யூசர் கட்டளையில் ஐடென்டிஃபைட் வித் என்று பிளகின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-வில் அந்தப் பெயர் கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்டு. மரியாடிபியில் இலக்கணம் வேறு. ஐடென்டிஃபைட் வயா என்று எழுத வேண்டும். அங்கே யூனிக்ஸ்_சாக்கெட், ஆர், மைஎஸ்க்யூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டு என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அப்போது சூடோவும் வேலை செய்யும், பாஸ்வேர்டும் வேலை செய்யும்.

மைஎஸ்க்யூஎல்_செக்யூர்_இன்ஸ்டலேஷன் என்ற பாதுகாப்பு ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். பாஸ்வேர்டு கொடுத்தால் ஏற்காமல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஏன்?

ரூட் கணக்கு இன்னும் ஆத்_சாக்கெட்டில் இருக்கிறது. அந்த முறை பாஸ்வேர்டைச் சேமிப்பதே இல்லை, அதனால் செட் பாஸ்வேர்டுக்கு அங்கே அர்த்தமில்லை என்றுதான் திரையில் வரும் பிழைச் செய்தி சொல்கிறது. கன்ட்ரோல்-சி கொடுத்தும் வெளியே வர முடியாவிட்டால் டெர்மினல் ஜன்னலை மூடிவிடுங்கள். பிறகு சூடோ மூலம் உள்ளே போய், மேலே சொன்னபடி ரூட்டின் பிளகினை மாற்றிவிட்டு இந்த ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் விரும்பினால் ஆத்_சாக்கெட்டுக்கே திருப்பிவிடலாம்.

ரெட் ஹேட் வகை சிஸ்டத்தில் நிறுவினேன். பாஸ்வேர்டு கேட்கவும் இல்லை, காலி பாஸ்வேர்டும் செல்லவில்லை, சூடோவும் உதவவில்லை. பாஸ்வேர்டு எங்கே?

மைஎஸ்க்யூஎல்லை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்தின் சொந்த யம் தொகுப்பகத்திலிருந்து நிறுவியிருந்தால் பாஸ்வேர்டு லாக் ஃபைலில் இருக்கிறது. சர்வீஸ் முதன்முறை தொடங்கும்போது ரூட்@லோக்கல்ஹோஸ்டுக்கு ஒரு தற்காலிக பாஸ்வேர்டை உருவாக்கி /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல்டி.லாக் என்ற ஃபைலில் எழுதி வைக்கிறது. அந்த ஃபைலில் டெம்பரரி பாஸ்வேர்டு என்ற சொற்களைக் கிரெப் கட்டளையால் தேடுங்கள். வரும் வரியின் கடைசிப் பகுதிதான் பாஸ்வேர்டு.

அதை எடுக்கும்போது கவனம் தேவை. அதில் நிறுத்தக்குறிகள் கலந்திருக்கும். கடைசி எழுத்து ஆச்சரியக்குறியாகவோ முற்றுப்புள்ளியாகவோ இருந்தால், வாக்கியத்தின் முடிவு என்று எண்ணி அதை விட்டுவிடுவார்கள். இருமுறை சொடுக்கித் தேர்வு செய்தால் டெர்மினல் குறியீடு வரும் இடத்திலேயே நிறுத்திவிடக்கூடும். இழுத்துத் தேர்வு செய்யுங்கள். அப்புறம், பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதாமல், கேட்கும்போது ஒட்டுங்கள். ஒட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான்.

உள்ளே போனதும் எந்தக் கட்டளை கொடுத்தாலும் 1820 வரும். அந்த பாஸ்வேர்டு பிறக்கும்போதே காலாவதியானது. மாற்றினால்தான் வேறு வேலை செய்ய விடும். ஆல்டர் யூசர் கொடுத்தால் அடுத்ததாக 1819 வரலாம். இந்தத் தொகுப்பில் பாஸ்வேர்டு சரிபார்க்கும் பகுதி இயக்கத்திலேயே வருகிறது. குறைந்தது 8 எழுத்துகள், அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு சின்ன எழுத்து, ஓர் இலக்கம், ஒரு சிறப்புக் குறி வேண்டும். இந்த விதியைத் தளர்த்த வழி தேடுவதைவிட, நீளமான பாஸ்வேர்டு ஒன்றை யோசிப்பது எளிது.

லாக்கில் அந்த வரியே இல்லையா? பெரும்பாலும் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் அடைவில் முந்தைய நிறுவலின் தரவு ஏற்கெனவே இருந்திருக்கும். அடைவு காலியாக இருந்தால் மட்டுமே சர்வர் புதிதாகத் தொடக்கம் செய்து பாஸ்வேர்டு உருவாக்கும். பழைய தரவு இருந்தால் பழைய பாஸ்வேர்டுதான் செல்லும்.

ரெட் ஹேட், அல்மாலினக்ஸ் ஆகியவை தங்கள் சொந்தத் தொகுப்பகத்தில் தரும் மைஎஸ்க்யூஎல் வேறு மாதிரி. அதில் ரூட் பாஸ்வேர்டு காலியாக இருக்கும். கேட்கும்போது என்டர் மட்டும் தட்டினால் போதும். உள்ளே போனதும் உடனே ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்.

1045 செய்தியின் முடிவில் யூசிங் பாஸ்வேர்டு: எஸ் அல்லது நோ என்று வருகிறதே, அதற்கு என்ன பொருள்?

அந்த ஒரு சொல் மிகவும் உதவும். நோ என்றால் நீங்கள் பாஸ்வேர்டு எதையும் அனுப்பவே இல்லை: பாஸ்வேர்டு கொடுப்பதற்கான -பி விருப்பத்தை விட்டுவிட்டீர்கள், அல்லது உங்கள் புரோகிராம் அமைப்பு ஃபைலைப் படிக்காமல் காலி மதிப்பை அனுப்புகிறது. எஸ் என்றால் ஏதோ ஒன்று போனது. ஆனால் நீங்கள் நினைத்ததுதான் போனதா?

-பி என்பதற்கும் பாஸ்வேர்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால், அடுத்து வரும் சொல்லை டேட்டாபேஸ் பெயர் என்று கிளையன்ட் எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். சரியாகக் கொடுத்தாலும் அப்படியொரு டேட்டாபேஸ் இல்லை என்று 1049 காட்டும். பாஸ்வேர்டில் டாலர் குறியோ ஆச்சரியக்குறியோ இருந்து, அதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் ஷெல் அதைத் தன் வழியில் மாற்றிவிடும். சர்வருக்குப் போவது வேறொன்றாக இருக்கும்.

வீட்டு அடைவில் .மை.சிஎன்எஃப் என்று ஒரு மறைவான ஃபைல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் கிளையன்ட் பிரிவில் பழைய பாஸ்வேர்டு ஒன்று உட்கார்ந்திருந்தால், நீங்கள் கொடுக்காமலே அது போய்க்கொண்டிருக்கும். அதே ஃபைலில் # குறி உள்ள பாஸ்வேர்டை மேற்கோள் இல்லாமல் எழுதினால், # முதல் வரி முடியும்வரை எல்லாமே குறிப்புரையாகிவிடும். மைஎஸ்க்யூஎல்_பிடபிள்யூடி என்ற சூழல் மாறியும் இதே வேலையைச் செய்யும். இவற்றில் எது குறுக்கே வருகிறது என்று தெரியாவிட்டால், கிளையன்டை நோ-டிஃபால்ட்ஸ் விருப்பத்தை முதலாவதாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அது அமைப்பு ஃபைல்களைப் படிக்காமல் தொடங்கும். சூழல் மாறியைத் தனியாக நீக்க வேண்டும்.

2002 பிழை: சாக்கெட் வழியாக இணைக்க முடியவில்லை என்கிறது. ரூட் கணக்கில் கோளாறா?

இல்லை. கணக்குவரை பேச்சே போகவில்லை. செய்தியின் கடைசியில் அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் சாக்கெட் ஃபைலே இல்லை. 13 என்றால் இருக்கிறது, தொட உங்களுக்கு அனுமதி இல்லை. 111 என்றால் ஃபைல் இருக்கிறது, அந்தப் பக்கம் கேட்க யாரும் இல்லை.

முதலில் சர்வீஸ் ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மூலம் பாருங்கள். சர்வீஸின் பெயர் உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல், ஆரக்கிளின் ரெட் ஹேட் தொகுப்பில் கடைசியில் ஒரு டி சேர்த்து மைஎஸ்க்யூஎல்டி, மரியாடிபிக்கு மரியாடிபி. ஓடவில்லை என்றால் பிழை லாக்கின் கடைசிச் சில வரிகளில் காரணம் இருக்கும். டிஸ்க் நிரம்பியிருக்கலாம். அமைப்பு ஃபைலில் எழுத்துப்பிழை இருக்கலாம். 3306 போர்ட்டை முன்பே நிறுவிய இன்னொரு சர்வர் பிடித்திருக்கலாம். தரவு அடைவை வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தால், அதன் உரிமையாளர் மாறியிருப்பதும், லினக்ஸின் பாதுகாப்பு அமைப்புகளான ஆப்ஆர்மர் அல்லது எஸ்இலினக்ஸ் புதிய இடத்தைத் தொடவிடாமல் தடுப்பதும் வழக்கமான காரணங்கள்.

சர்வீஸ் ஓடுகிறது, ஆனாலும் 2 வருகிறது என்றால் கிளையன்டும் சர்வரும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கின்றன. உபுண்டுவில் சாக்கெட் /வார்/ரன்/மைஎஸ்க்யூஎல்டி அடைவில் இருக்கும். ரெட் ஹேட் வகையில் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் அடைவில். தனியாகத் தொகுத்த கிளையன்ட்கள் /டிஎம்பி-யில் தேடும். சாக்கெட் விருப்பத்தில் சரியான பாதையைக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் போகிறது, 127.0.0.1 என்றால் மறுக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

நெட்வொர்க்கைப் பொறுத்தவரை ஒன்றாக இருக்கலாம். இந்தக் கிளையன்டுக்கு இல்லை. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகவும், 127.0.0.1 என்று சொன்னால் டிசிபி என்ற நெட்வொர்க் வழியாகவும் போகும். ரூட் ஆத்_சாக்கெட்டில் இருந்தால் டிசிபி வழியில் அடையாளம் காண வழியே இல்லை. சூடோ போட்டாலும் மறுக்கும். இது தவிர ஸ்கிப்-நேம்-ரிசால்வ் என்ற சர்வர் விருப்பம் இயக்கத்தில் இருந்தால், 127.0.0.1-லிருந்து வருபவரை லோக்கல்ஹோஸ்ட் என்று சர்வர் பெயர் மாற்றிப் பார்க்காது. அப்போது ரூட்@லோக்கல்ஹோஸ்ட் கணக்கு பொருந்தாமல் போகும்.

வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டாக வர முடியவில்லை.

முடியாமல் இருப்பது நல்லது. 2003 வந்தால் சர்வர் 127.0.0.1-ல் மட்டும் கேட்கும்படி பைண்ட்-அட்ரஸ் அமைந்திருக்கிறது, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது. 1130 வந்தால் சர்வரை எட்டிவிட்டீர்கள், ஆனால் உங்கள் முகவரிக்கு எந்தக் கணக்கும் இல்லை.

ரூட்@% என்று உருவாக்கி, பைண்ட்-அட்ரஸை 0.0.0.0 ஆக்கிவிடு என்ற யோசனை எங்கும் கிடைக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் 3306 போர்ட்டைத் தேடி அலையும் தானியங்கி ஸ்கிரிப்ட்கள் முதலில் முயல்வதே ரூட் என்ற பெயரைத்தான். எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) மூலம் சர்வருக்குள் போய் அங்கிருந்து வேலை செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் எஸ்எஸ்ஹெச் டனல் போட்டுக்கொள்ளுங்கள். வொர்க்பெஞ்ச், டிபீவர் இரண்டிலுமே அதற்கு வசதி இருக்கிறது.

ஹோஸ்ட் இடத்தில் % போட்டு நிர்வாகி கணக்கை உருவாக்கினேன். வெளியிலிருந்து வருகிறது, அதே சர்வரிலிருந்து வரவில்லை!

பெயரில்லாத யூசர் ஒருவர் உள்ளே இருக்கிறார். மைஎஸ்க்யூஎல் 5.6 வரையிலும், சில மரியாடிபி நிறுவல்களிலும் யூசர் பெயர் காலியாக உள்ள ஒரு லோக்கல்ஹோஸ்ட் கணக்கு தானாக உருவாகும். சர்வர் கணக்குகளை வரிசைப்படுத்தும்போது ஹோஸ்ட் குறிப்பாக உள்ளதை முதலில் வைக்கும். லோக்கல்ஹோஸ்ட் குறிப்பானது, % பொதுவானது. நீங்கள் லோக்கல்ஹோஸ்டிலிருந்து வந்தால் பெயரில்லாத கணக்குதான் முதலில் பொருந்துகிறது. அதற்கு உங்கள் பாஸ்வேர்டு செல்லாது. பெயரில்லாத கணக்கை டிராப் யூசர் மூலம் நீக்குங்கள். உள்ளே போக முடிந்தும் உரிமைகள் குறைவாக இருந்தால் யூசர், கரன்ட்_யூசர் என்ற இரண்டு ஃபங்ஷன்களையும் செலக்ட் செய்து பாருங்கள். முதலாவது நீங்கள் சொன்ன பெயர், இரண்டாவது சர்வர் உங்களைப் பொருத்திப் பார்த்த கணக்கு.

டாக்கரில் ரூட் பாஸ்வேர்டைச் சூழல் மாறியில் கொடுத்தேன். மாற்றியும் பார்த்தேன். பழையதே செல்கிறது, புதியது செல்லவில்லை.

மைஎஸ்க்யூஎல்_ரூட்_பாஸ்வேர்டு என்ற அந்த மாறியை, தரவு அடைவு காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் இமேஜ் பயன்படுத்துகிறது. தரவைச் சேமித்துவைக்கும் வால்யூமில் தரவு வந்துவிட்டால் மாறியை எத்தனை தடவை மாற்றினாலும் அதைப் பொருட்படுத்தாது. கன்டெய்னரை நீக்கி மறுபடி உருவாக்கினாலும் வால்யூம் அப்படியே இருக்கும். உள்ளே எதுவும் முக்கியமில்லை என்றால் வால்யூமையும் சேர்த்து நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். தரவு வேண்டும் என்றால் பழைய பாஸ்வேர்டில் உள்ளே போய் ஆல்டர் யூசர் கொடுங்கள். ரூட்@லோக்கல்ஹோஸ்ட், ரூட்@% இரண்டுமே அங்கே இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும்.

முதல் தொடக்கத்துக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அமைப்பு வேலைக்காக இமேஜ் ஒரு தற்காலிகச் சர்வரை ஓட்டி, அதை நிறுத்திவிட்டு, உண்மையான சர்வரைத் தொடங்குகிறது. லாக்கில் ரெடி ஃபார் கனெக்ஷன்ஸ் என்ற வரி இரண்டாவது முறை வரும்வரை பொறுங்கள். கம்போஸ் ஃபைலில் எழுதும் பாஸ்வேர்டில் டாலர் குறி இருந்தால் அதை இரட்டித்து எழுத வேண்டும்.

டெர்மினலில் லாகின் ஆகிறது. பிஎச்பி, ஜாவா, பைத்தானிலிருந்து ஆகவில்லை.

மைஎஸ்க்யூஎல் 8.0 வந்தபோது இயல்பான பிளகின் கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்டு ஆனது. பழைய கிளையன்ட்களுக்கு அது தெரியாது. 2059, 1251 போன்ற எண்கள் அதைத்தான் சொல்கின்றன. பிஎச்பி 7.4 முதல் இதற்கு முழு ஆதரவு உண்டு. பைத்தானில் பைமைஎஸ்க்யூஎல் பயன்படுத்தினால் கிரிப்டோகிராஃபி தொகுப்பையும் நிறுவ வேண்டும். ஜாவாவில் பப்ளிக் கீ ரிட்ரீவல் அனுமதிக்கப்படவில்லை என்று வந்தால், இணைப்பை டிஎல்எஸ் என்ற மறையாக்க வழியில் அமைப்பதே சரியான தீர்வு.

இதில் ஆளைக் குழப்பும் ஒரு நடத்தை உண்டு. நேற்றுவரை வேலை செய்த புரோகிராம், சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் மறுக்கப்படும். யாராவது டெர்மினலிலிருந்து அதே கணக்கில் ஒருமுறை உள்ளே போய்வந்தால் மறுபடி வேலை செய்யும். பேய்பிடித்தது போலத் தோன்றினாலும் காரணம் எளிது. இந்த பிளகின் வெற்றிகரமாக உள்ளே வந்தவரின் சரிபார்ப்பைக் கேச்சில் வைத்துக்கொள்கிறது. கேச்சில் இருக்கும்வரை பாதுகாப்பில்லாத இணைப்பிலும் விரைவு வழியில் சரிபார்த்துவிடும். ரீஸ்டார்ட் ஆனால் கேச் அழிந்துவிடும். அப்போது முழுச் சரிபார்ப்பு தேவைப்படும். அதற்கு டிஎல்எஸ் இணைப்போ ஆர்எஸ்ஏ சாவியோ வேண்டும். உங்கள் புரோகிராமில் இரண்டும் இல்லை.

பழைய மைஎஸ்க்யூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்பார்கள். 2024-ல் வந்த 8.4 பதிப்பில் அது இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்ற முயன்றால் 1524 வரும். 9.0-வில் நீக்கியே விட்டார்கள். கிளையன்டைப் புதுப்பிப்பதுதான் நிலைக்கும் வழி.

பிஎச்பிமைஅட்மினில் ரூட் போகவில்லை.

லினக்ஸில் வெப் சர்வர் ஓடுவது ரூட்டாக அல்ல, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா போன்ற வேறொரு யூசராக. சாக்கெட் பிளகின் அந்தப் பெயரைத்தான் பார்க்கிறது. தனி நிர்வாகி கணக்கை உருவாக்கி அதில் நுழையுங்கள். விண்டோஸில் எக்ஸாம்ப் என்றால் ரூட்டுக்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்டு காலி. நீங்கள் அதை மாற்றியிருந்தால் பிஎச்பிமைஅட்மினின் கான்ஃபிக் ஃபைலிலும் மாற்ற வேண்டும்.

பாஸ்வேர்டு சுத்தமாகத் தெரியவில்லை, சூடோவும் பலிக்கவில்லை. எப்படி மீட்பது?

உபுண்டு தொகுப்பு என்றால் முதலில் /இடிசி/மைஎஸ்க்யூஎல்/டெபியன்.சிஎன்எஃப் ஃபைலைப் பாருங்கள். பராமரிப்பு வேலைகளுக்காக டெபியன்-சிஸ்-மெயின்ட் என்ற கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை அங்கே வைத்திருப்பார்கள். கிளையன்டுக்கு டிஃபால்ட்ஸ்-ஃபைல் விருப்பத்தில் அந்தப் பாதையைக் கொடுத்து, சூடோவோடு ஓட்டினால் முழு உரிமையோடு உள்ளே போகலாம். சர்வரை நிறுத்தவே வேண்டியதில்லை.

அது இல்லையென்றால், எனக்குப் பிடித்தது இனிட்-ஃபைல் முறை. ஒரு சின்ன ஃபைலில் ரூட்@லோக்கல்ஹோஸ்டுக்குப் புதிய பாஸ்வேர்டு வைக்கும் ஆல்டர் யூசர் வரியை எழுதுங்கள். ஃபைலின் உரிமையாளரை மைஎஸ்க்யூஎல் யூசராக்கி, மற்றவர் படிக்காதபடி செய்யுங்கள். சர்வர் அமைப்பு ஃபைலில் மைஎஸ்க்யூஎல்டி பிரிவின் கீழ் இனிட்-ஃபைல் என்று அதன் பாதையைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சர்வர் எழும்போதே அந்த வரியை நிறைவேற்றிவிடும். அப்புறம் அமைப்பு வரியையும் ஃபைலையும் நீக்கிவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டுவில் ஆப்ஆர்மர் எல்லா இடத்தையும் படிக்க விடாது. /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்-ஃபைல்ஸ் அடைவில் வைத்தால் படிக்கும். இந்த முறையில் சர்வர் ஒரு நொடிகூடக் காவல் இல்லாமல் நிற்பதில்லை.

எல்லோரும் முதலில் சொல்லும் ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ் முறை எனக்குக் கடைசி வழிதான். அதில் சர்வர் யாரையும் எதுவும் கேட்காது. வருபவர் எல்லோருக்கும் முழு உரிமை. 8.0-வில் இதைப் போட்டால் நெட்வொர்க் இணைப்பு தானாக அணைந்துவிடும். 5.7-லும் மரியாடிபியிலும் அணையாது, ஸ்கிப்-நெட்வொர்க்கிங் வரியையும் நீங்களே சேர்க்க வேண்டும். உள்ளே போய் நேராக ஆல்டர் யூசர் கொடுத்தால் 1290 வரும். முதலில் ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் கொடுங்கள், பிறகு ஆல்டர் யூசர். முடிந்ததும் அந்த வரிகளை நீக்கி ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முயன்று, மறுக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

யூசர் டேபிளை அப்டேட் செய்து பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிறார்களே, 1054 வருகிறது?

அது பழைய காலத்து வழி. அந்த டேபிளில் இருந்த பாஸ்வேர்டு என்ற நெடுவரிசை மைஎஸ்க்யூஎல் 5.7-லேயே போய்விட்டது. மரியாடிபி 10.4 முதல் அந்த டேபிள் ஒரு வியூ மட்டுமே. உண்மையான விவரம் வேறு டேபிளில் இருக்கிறது. பாஸ்வேர்டு ஃபங்ஷனும் மைஎஸ்க்யூஎல் 8.0-வில் இல்லை. ஆல்டர் யூசரை மட்டும் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகிவிடாதா?

தொகுப்பை நீக்கினாலும் தரவு அடைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மறுபடி நிறுவினால் பழைய கணக்குகளோடு அதே சிக்கல் திரும்பி வரும். சர்வர் உண்மையிலேயே புதியது, உள்ளே இழக்க எதுவுமில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், சர்வீஸை நிறுத்தி, தரவு அடைவை அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றிவைத்துவிட்டு நிறுவுங்கள். இன்னொருவர் முன்பு பயன்படுத்திய சர்வர் என்றால் அவரிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டேன். ஏன் மறுக்கிறது என்று சர்வரிடமே தெரிந்துகொள்ள முடியுமா?

மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் லாக்_எரர்_வெர்பாசிட்டி மதிப்பு இயல்பாக 2. அதை 3 ஆக்கினால் மறுக்கப்பட்ட ஒவ்வொரு லாகின் முயற்சியும் பிழை லாக்கில் பதிவாகும். எந்தப் பெயர், எந்த ஹோஸ்டிலிருந்து, பாஸ்வேர்டோடு வந்ததா இல்லையா என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். ஒரு டெர்மினலில் லாக்கை டெய்ல் கட்டளையால் பார்த்துக்கொண்டே இன்னொன்றில் லாகின் செய்து பாருங்கள். உதவி கேட்டு யாரிடமாவது போவதானால், அந்த வரியோடு சர்வரின் பதிப்பு எண்ணையும், எந்தத் தொகுப்பகத்திலிருந்து நிறுவினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.